மசாய் மாராவுக்கு எந்தக் கேமரா?

திருச்சியிலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வரும் ஆகஸ்டில் மனைவி, மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன் ஆகியோருடன் எட்டு நாள் பயணமாகக் கென்யா போகிறார். நைரோபியில் இறங்கி, அங்குள்ள வனவிலங்குக் காப்பகங்களான அம்போசெலிக்குச் சாலை வழியாகவும் பிறகு மசாய் மாராவுக்குச் சிறு விமானத்திலும் செல்வதாகத் திட்டம். பணியில் சேர்ந்த காலத்திலிருந்தே மனதில் இருந்த பயணம் என்கிறார்.

கையில் இருப்பது 2018இல் வாங்கிய நிக்கான் டி5600. அதோடு சேர்ந்து வந்த 18-55, 70-300 மில்லிமீட்டர் என்ற இரண்டு லென்ஸ்கள் (எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்த படங்களிலிருந்தே எல்லாம் லேசாகக் கலங்கலாக வருகின்றனவாம். வலது கை சற்று நடுங்குகிறது. வயதால் வருவதுதான், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "இனி எனக்குப் பெரிய கேமரா சரிப்படாதோ என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவும் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள புதிய வகை) 200-600 லென்ஸும் வாங்கிவிடலாம், வைப்புத்தொகை ஒன்றை முடித்துக்கொண்டால் போதும் என்கிறார் மாப்பிள்ளை. அவர் ஒரு டிரோனும் எடுத்து வருகிறார். துபாயில் இருக்கும் தம்பி மகன், வழியில் அங்கே விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். கடைக்காரர் 125 மடங்கு ஜூம் உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவைக் காட்டியிருக்கிறார். மனைவியோ ஃபோனே போதும் என்கிறார். "சிங்கப்பூரில் ஐந்து நாளும் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன்" என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் வாசகர்.

ஐயா, வணக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய டி5600ஐயும் அந்த 70-300 லென்ஸையும் எடுத்துப் போங்கள். ஃபோன் எப்படியும் சட்டைப் பையில் இருக்கும். 18-55 லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். புதிதாகக் கேமராவோ லென்ஸோ வாங்க வேண்டாம். வைப்புத்தொகையைத் தொட வேண்டாம்.

சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் முதல் மாரா பயணத்துக்கு நான்கு நாள் முன்பு நானும் ஒரு புதிய கேமரா வாங்கினேன். மூன்றாம் நாள் மாலை, ஓடைக்கரை மரத்தின் கிளையில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. நான்கு கால்களும் இருபுறமும் தொங்க, வால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கியது. இறங்கப்போகிறது என்று ஓட்டுநர் மெல்லச் சொன்னார். ஓடும் விலங்கைத் தொடரும் ஃபோகஸுக்கு மாற்ற வேண்டும். பழைய கேமராவில் என் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தும் இடத்தில் புதியதில் வேறொரு பொத்தான் இருந்தது. கண்ணை எடுத்துத் திரையில் பட்டியலைத் தேடினேன். நிமிர்ந்தபோது கிளை வெறுமையாக இருந்தது. கீழே புல் மட்டும் அசைந்தது. அந்தக் கேமரா நல்ல கேமராதான். என் விரல்களுக்கு அதைத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் விரல்களுக்கு டி5600 ஏழெட்டு ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கலங்கலுக்குக் கை மட்டும் காரணமா?

கடிதத்தில் என்னை வருத்தியது இந்தப் பகுதிதான். கை நடுங்குவதால் இனி முடியாது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றும் வீட்டுக்குள், விளக்கொளியில், ஆட்டோ முறையில், வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தவை. 300 மில்லிமீட்டர் லென்ஸை அந்த வேகத்தில் அசையாமல் பிடிக்க இருபது வயதுக்காரருக்கும் கடினம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் 70-300 லென்ஸின் மேல் நடுக்கத் தடுப்புக்கான விசை கிடையாது. அந்த வசதி கேமராவின் பட்டியலுக்குள் 'ஆப்டிகல் விஆர்' என்ற பெயரில் இருக்கிறது. எப்போதோ கை பட்டு அணைந்திருந்தால் வெளியே பார்க்கத் தெரியாது. இதே லென்ஸ் வைத்திருக்கும் என் மாணவர்கள் பலர் இப்படித்தான் மாதக்கணக்கில் கலங்கல் படம் எடுத்திருக்கிறார்கள். லென்ஸ் பெட்டியை எடுத்து, பெயரில் விஆர் என்ற எழுத்துகள் உண்டா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவை இல்லாத வகையும் விற்பனையில் இருந்தது.

மூக்குக்கண்ணாடி மாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வியூஃபைண்டரின் வலப்பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் துல்லியமாகும்வரை அதைத் திருப்புங்கள். படம் சரியாக விழுந்தும், பார்க்கும் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தால் நம்பிக்கையே போய்விடும்.

கை நடுக்கத்துக்கு மருந்து ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய ஒளி உள்ளே வரும் நேரத்தைக் குறைப்பது. டி5600இல் 300 மில்லிமீட்டர் என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 450க்குச் சமம். கையில் பிடித்து எடுக்கும்போது வினாடியில் 450இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு. நீங்கள் இரட்டிப்பாக்கி ஆயிரத்தில் ஒரு பங்கில் வைத்துவிடுங்கள். அந்த வேகத்தில் உங்கள் கையின் அசைவு பெரும்பாலும் படத்தில் தெரியாது. மேலே உள்ள சக்கரத்தை 'எஸ்'இல் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) வைத்து, வேகத்தை 1/1000 ஆக்கி, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் 6400 வரை போக விடுங்கள். ஃபோகஸ், ஓடும் விலங்கைத் தொடரும் 'ஏஎஃப்-சி'யில் இருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் கொஞ்சம் மணல்போலப் புள்ளி தெரியும். புள்ளி தெரியும் படத்தைப் பேரன் சட்டம் போட்டு மாட்டுவான். கலங்கிய படத்தை யாரும் மாட்டமாட்டார்கள்.

மற்ற யோசனைகளைப் பற்றி

ஃபோன் போதும் என்று உங்கள் துணைவியார் சொல்வதில் பாதி சரி. மாராவின் புல்வெளி, மேகம், முகாமின் விளக்குகள், வண்டிக்குள் பேரனின் முகம், காணொளி எல்லாவற்றுக்கும் ஃபோன் அருமை. அதனால்தான் 18-55 வேண்டாம் என்றேன். அதன் வேலையை ஃபோன் செய்துவிடும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் நூறு மடங்கு ஜூமை நம்பிப் போகாதீர்கள். ஃபோனின் லென்ஸ் உண்மையில் இழுப்பது மூன்று முதல் ஐந்து மடங்கு. சில மாடல்களில் பத்து. அதற்கு மேல் எல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இப்போது வரும் சில ஃபோன்கள் தெரியாத இடத்தைத் தாமாகவே ஊகித்து நிரப்புகின்றன. சிங்கத்தின் மீசை அடிப்புள்ளிகள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறுபடும். ஆய்வாளர்கள் அவற்றை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். அந்த இடத்தை ஃபோன் தன் ஊகத்தால் நிரப்பினால் நீங்கள் பார்த்த சிங்கம் அந்தப் படத்தில் இல்லை.

125 மடங்கு ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமராவில் உள்ள சென்சார் உங்கள் கேமராவின் சென்சாரில் பத்தில் ஒரு பங்குப் பரப்புகூடக் கிடையாது. நண்பகலில் நிலாவரை எட்டும். ஆனால் சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த ஒளியில் அது திணறும். ஒரு அங்குல சென்சார் உள்ள பிரிட்ஜ் கேமராக்கள் நல்லவை. கையில் கேமராவே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

துபாய் யோசனை நான்கிலும் மோசமானது. கேமரா நிறுவனங்களின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு அல்லது வட்டாரத்தோடு நின்றுவிடும். திரும்பி வரும்போது அனுமதிக்கப்பட்ட வரம்புக்கு மேற்பட்ட விலைக்குச் சுங்கவரி உண்டு. எல்லாவற்றையும்விட, விமானத்தில் உட்கார்ந்து கையேட்டைப் படித்துவிட்டு மறுநாள் காலை யானைக்கூட்டத்தின் முன் நிற்பீர்கள்.

மாப்பிள்ளை சொல்லும் கருவி உண்மையிலேயே சிறந்தது. விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும். ஆனால் 200-600 லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். கேமராவோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். உங்கள் டி5600ஐயும் 70-300ஐயும் சேர்த்தே ஒரு கிலோ கிடையாது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோதான் அனுமதி. கைப்பையும் அதற்குள் அடங்கும். சக்கரம் வைத்த கெட்டியான பெட்டி கூடாது, துணிப்பைதான். மாத்திரை, கம்பளிச் சட்டை, காலணி எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும். மூன்று கிலோவை நாள் முழுக்க ஏந்தினால் கை நடுக்கம் கூடத்தான் செய்யும். மாப்பிள்ளைக்கு ஆசை இருந்தால் அவர் பெயரில் வாடகைக்கு எடுத்து, புறப்படும் முன் ஒரு வாரம் அவரே பழகட்டும். அவர் கைக்கு அது பொருந்தும்.

உங்கள் லென்ஸ் எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தொலைவில் வேட்டையாடும் சிவிங்கிப்புலி, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் முதலை, சிறு பறவைகள் எல்லாம் படத்தில் சிறிதாகத்தான் விழும். சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணி நேரம் சிரமம். ஆனால் மாராவில் சிங்கங்கள் வண்டிக்குப் பழகியவை. இருபது முப்பது மீட்டரில் பார்ப்பது வழக்கம். அந்தத் தொலைவுக்கு 300 தாராளம். உங்கள் படம் ஒவ்வொன்றும் 6000க்கு 4000 புள்ளிகள். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 3000க்கு 2000 மிஞ்சும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்ட அது போதும்.

அம்போசெலியில் ஒன்று செய்து பாருங்கள். பின்னால் கிளிமஞ்சாரோ, முன்னால் யானைகள். மலை பெரியது என்று எல்லோரும் ஃபோனை எடுப்பார்கள். படத்தில் மலை எறும்புப் புற்றுபோல வந்து நிற்கும். நீங்கள் 70-300 லென்ஸின் 70 முனையில் எடுங்கள். மலை யானையின் முதுகுக்கு மேல் எழுந்து நிற்கும். விடியலிலேயே எடுத்துவிடுங்கள், வெயில் ஏற ஏற மேகம் மலையை மூடிவிடும்.

தூசு, மஞ்சப்பை, மின்சாரம்

ஆகஸ்டில் அம்போசெலியில் கிளம்பும் தூசு மாவு போன்றது. வண்டிக்குள் லென்ஸைக் கழற்றினால் அது நேரே சென்சாரில் போய் உட்காரும். ஒரே லென்ஸோடு போகச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். நம் வழக்கப்படி கேமராவைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். கென்யா 2017 ஆகஸ்டிலேயே பாலித்தீன் பைகளைத் தடை செய்துவிட்டது, தண்டனையும் கடுமை. பழைய பருத்தித் தலையணை உறை ஒன்று போதும்.

முக்காலி வேண்டாம். காப்பகத்துக்குள் வண்டியைவிட்டு இறங்க அனுமதி இல்லை. வண்டிக்குள் முக்காலியை விரிக்க இடமும் இல்லை. வீட்டில் கெட்டியான மஞ்சப்பை இருக்கும். வாயில் இரட்டைத் தையல் போடும் அளவுக்குத் துணி விட்டு வெறும் பையாகக் கொண்டு போங்கள். முகாமில் இரண்டு கிலோ அரிசியோ பருப்போ கேட்டு நிரப்பி, வாயைத் தைத்துவிடுங்கள். திறந்த கூரையின் விளிம்பில் அதை வைத்து, லென்ஸை அதன்மேல் கிடத்துங்கள். உங்கள் கை தாங்க வேண்டியது எதுவும் இல்லை. விரல் அழுத்தினால் போதும். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். எஞ்சின் அதிர்வு பைக்கும் ஏறும். கடைசி நாள் பையைப் பிரித்து அரிசியைச் சமையலறையிலேயே கொடுத்துவிடலாம்.

கூடுதல் பேட்டரி ஒன்று, 64 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள். ஒரே பெரிய கார்டு வேண்டாம். அது பழுதானால் எட்டு நாளும் போய்விடும். கென்யாவில் பிளக் மூன்று செவ்வகக் கால்கள் கொண்டது, பிரிட்டனில் உள்ளதைப்போல. மின்னழுத்தம் நம்முடையதுதான், சிறு அடாப்டர் போதும். சில முகாம்களில் குறிப்பிட்ட மணிநேரம்தான் மின்சாரம் இருக்கும். கூடுதல் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது.

சுங்கம், காப்பீடு, அனுமதி

சொந்தக் கேமராவை எடுத்துப் போனாலே வரி கட்ட வேண்டும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படி இல்லை. புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்கப் பிரிவில் கேமரா, லென்ஸ் இரண்டின் வரிசை எண்ணையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் கேட்கலாம். திரும்பும்போது, இது நான் கொண்டுபோனதுதான் என்பதற்கு அதுவே ஆதாரம். எட்டு ஆண்டுப் பழைய கேமராவைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்தால் அவர் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

பயணக் காப்பீட்டில் கேமராவும் அடங்கும் என்று நினைக்கிறீர்கள். பாலிசியில் உடைமைகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்போ, மின்னணுப் பொருள்களுக்கு விலக்கோ பல பாலிசிகளில் இருக்கும். திருட்டுப் போனால் அங்கேயே போலீஸில் எழுதி வாங்கிய அறிக்கை இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம்.

டிரோனை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கென்யாவில் அதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும். வனக் காப்பகங்களுக்குள் சுற்றுலாப் பயணிகள் பறக்கவிட முடியாது. விமான நிலையத்திலேயே பறிகொடுத்துவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். போலீஸாரையும் ராணுவ இடங்களையும் படம் எடுக்க வேண்டாம்.

அங்கே வாழும் மசாய் பழங்குடி மக்களை "அவர்களுக்குத் தெரியாமல் இயல்பாக" எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது வேண்டாம். நம் வீட்டு வாசலில் கோலம் போடும் பெண்ணை ஒரு வெளிநாட்டவர் கேட்காமல் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கேட்டுவிட்டு எடுங்கள். வழிகாட்டி மூலம் கட்டணம் பேசிக்கொள்வதும் அங்கே வழக்கம். பேசிச் சிரித்த பிறகு கிடைக்கும் முகம் திருட்டுத்தனமாக எடுத்த முகத்தைவிட நன்றாக இருக்கும்.

கேமராவோடு தொடர்பில்லாத ஒன்று: கென்யாவிலிருந்து இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். அறுபதைத் தாண்டியவர்கள் இந்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

இனி இருக்கும் வாரங்களில்

முதலில் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுத்துச் சென்சாரைத் துடைத்து வாங்குங்கள். பிறகு காலை ஆறு மணிக்கு முக்கொம்புப் பக்கம் போங்கள். தெருநாய், ஆடு, காவிரியில் நிற்கும் உண்ணிக்கொக்கு, மேலே வட்டமிடும் பருந்து என எது அகப்பட்டாலும் எடுங்கள். பறப்பதற்கு மட்டும் வேகத்தை 1/2000 ஆக்குங்கள். சக்கரத்தையும் பொத்தானையும் பார்க்காமல் மாற்ற வரும்வரை எடுங்கள். மாராவில் ஊதா மார்புப் பனங்காடை என்றொரு பறவை உண்டு. நம் வயல்களில் மின்கம்பியில் உட்காரும் பனங்காடைக்கு உறவு. உட்கார்ந்த இடத்திலிருந்து திடீரென்று கிளம்பும். நம் ஊர்ப் பனங்காடையை ஒருமுறை பறக்கையில் பிடித்துவிட்டீர்களானால் அங்கே அதையும் பிடிப்பீர்கள்.

புதிய கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு நல்ல பைனாகுலர் இரண்டு வாங்குங்கள். 8x42 என்று எழுதியிருக்கும். ஒன்று பேரனுக்கு, இன்னொன்று உங்கள் துணைவியாருக்கு. சிங்கத்தைக் கண்டதும் முதல் ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவை மஞ்சப்பைமேல் கிடத்திவிட்டு அவரிடமிருந்து பைனாகுலரை வாங்கிப் பாருங்கள். மாராவில் சிங்கம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அடுத்து அது எழும்போது அவர்தான் முதலில் பார்ப்பார், உங்கள் தோளைத் தட்டுவார். அப்போது கேமராவை எடுத்தால் போதும்.